வாடகை நிலுவை வழக்கில் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லித் தீர்ப்பா? திருகோணமலையில் மேன்முறையீட்டுக்குப் போகும் வழிகள்

தீர்ப்பு வாசிக்கப்பட்ட மறுநாளே நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். பிரதி கையில் கிடைக்கும்வரை அவை காத்திருப்பதில்லை. சட்டத்தரணி கொழும்பிலிருந்து திரும்பி வந்தாரா, வெளிநாட்டிலிருக்கும் மகன் காசு அனுப்பினானா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. நியாயம் தன் பக்கம் இருந்தும் மேன்முறையீட்டில் தோற்றவர்களில் பலர் நாள் கணக்கில்தான் தோற்றிருக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் நாள் கணக்கை இவ்வளவு விரித்துச் சொல்வது அதனால்தான்.

உவர்மலையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர், பாலையூற்றில் சீதனமாகக் கிடைத்த ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் வாழும் விதவை, இருவருமே மேன்முறையீட்டுக்குப் போகக்கூடியவர்கள். வழி இருவருக்கும் ஒன்றுதான். வாடகைக்காரர் பக்கம் நின்று கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருக்கிறேன். காலம் தவறினால் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போவது அவருக்குத்தானே.

முதலில்: உங்கள் கையில் இருப்பது என்ன?

"கோர்ட்டில் எதிராகச் சொல்லிவிட்டார்கள்" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த நீதிமன்றம், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன வகையான கட்டளை என்பதுதான். வழி ஒவ்வொன்றுக்கும் வேறு.

மாவட்ட நீதிமன்றத்தில் விளக்கம் (வழக்கு விசாரணை) நடந்து, சாட்சிகள் கேட்கப்பட்டு, இறுதியில் தீர்ப்பு வந்திருந்தால் அதற்கு நேரடி மேன்முறையீடு உண்டு. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 754ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. சட்டப் பிழையையும் எதிர்க்கலாம், நிகழ்வுகளை நீதிபதி பிழையாக விளங்கிக்கொண்டதையும் எதிர்க்கலாம்.

வழக்கு இன்னும் முடியவில்லை, நடுவில் ஒரு கட்டளை மட்டும் வந்திருக்கிறது என்றால் நேரடி மேன்முறையீடு கிடையாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். தடையுத்தரவு மறுக்கப்பட்டது, ஒரு ஆவணம் ஏற்கப்படவில்லை, மறுமொழியை (வழக்குக்கு எதிராளி எழுத்தில் கொடுக்கும் பதிலை) திருத்த விடவில்லை போன்றவை இந்த வகை.

நீங்கள் தவணைக்கு (வழக்கு எடுக்கப்படும் நாளுக்கு) போகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தால் அதற்கு மேன்முறையீடே இல்லை. அதை நீக்குவதற்கு வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

நீதிமன்றத்தில் இணங்கி, வழக்கேட்டில் கையெழுத்து வைத்துப் பெற்ற இணக்கத் தீர்ப்பு என்றால் அது பொதுவாக இறுதியானது. வாடகை வழக்குகளில் அதிகம் நடப்பது இதுதான். "ஆறு மாதத்தில் வீட்டைவிட்டுப் போகிறேன், தவறினால் அமுலாக்கல் எழுத்தாணை எடுக்கலாம்" (தீர்ப்பை நிறைவேற்றி வெளியேற்றும் கட்டளை) என்று ஒரு பந்தி எழுதப்படும், வாடகைக்காரர் தலையாட்டிக் கையெழுத்து வைப்பார். ஆறாவது மாதம் வந்ததும் "எனக்கு அது விளங்கவில்லை" என்பார். அந்த நேரத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓடினாலும் விசேட சூழ்நிலை எதையும் காட்டாமல் அதை அசைப்பது மிகக் கடினம். கையெழுத்து வைக்கும் முன் அந்தப் பந்தியை மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாடகைச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா?

மேன்முறையீட்டில் பலமாக நிற்கும் கேள்விகளில் இது ஒன்று, விசாரணை நேரத்தில் பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் அது எல்லா வீடுகளுக்கும் இல்லை. 1980இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 1980 ஜனவரி 1க்குப் பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வராது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எழும்பியிருக்கும் புது வீடுகள் பலவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நகரத்தின் பழைய தெருக்களில் இருக்கும் ஓட்டு வீடுகளுக்கு இருக்கலாம். வீடு எப்போது கட்டப்பட்டது, எப்போது முதலில் வாடகைக்குப் போனது என்பதைக் காட்ட உதவுவது உள்ளூராட்சி சபையின் மதிப்பீட்டுப் பதிவேடு. அதன் உறுதிப்படுத்திய பிரதியை ஆரம்பத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பொருந்துமானால், நிலுவையை வைத்து வெளியேற்ற வீட்டுச் சொந்தக்காரர் 22ஆம் பிரிவைத் தாண்ட வேண்டும். மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத நியம வாடகை கொண்ட வீடு என்றால் மூன்று மாதமோ அதற்கு மேலோ நிலுவை இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டது என்றால் ஒரு மாத நிலுவை போதும். நியம வாடகை என்பது நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் தொகை அல்ல, சபையின் பழைய மதிப்பீட்டிலிருந்து சட்டம் கணக்கிடும் தொகை. மாதம் முப்பதாயிரம் கொடுக்கும் வீட்டின் நியம வாடகை நூறுக்குள் இருக்கக்கூடும். முதல் தடவை நிலுவை விழுந்தால் மூன்று மாத முன்னறிவித்தல், இரண்டாம் தடவை இரண்டு மாதம், மூன்றாம் தடவை ஒரு மாதம்.

இனி மிக முக்கியமான இடம். வழக்குப் போடும் முன் நிலுவை முழுவதையும் வாடகைக்காரர் செலுத்த முன்வந்தால் வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகும், அழைப்பாணையில் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லிய நாளிலோ அதற்கு முன்னோ முழுவதையும் கொடுக்க முன்வந்தால் நிலுவை என்ற காரணத்தில் வழக்கைத் தொடர முடியாது. முழுவதையும் என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் ரூபா குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம்.

"அண்ணே, வாற மாதம் சேர்த்துத் தாறன்." "பரவாயில்லை தம்பி, பிறகு பாப்பம்." எங்கள் ஊரில் வாடகை இப்படித்தான் போகிறது. பற்றுச்சீட்டு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கையில் காசு. உறவு கசந்ததும் அந்தத் தம்பி மூன்று மாதம் தரவில்லை என்று சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) வருகிறது. சொந்தக்காரர் வாங்க மறுத்தால் வாடகையை உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் செலுத்த வாடகைச் சட்டமே 21ஆம் பிரிவில் இடம் தருகிறது. பதிவுத் தபாலில் காசுக்கட்டளை அனுப்பி, வாங்க மறுத்துத் திரும்பி வந்த உறையைத் திறக்காமல் அப்படியே வைத்திருந்தால், அதுவும் பிற்காலத்தில் பெறுமதியான சான்று.

வாடகைச் சட்டத்துக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு ஒப்பந்தமும் பொதுச் சட்டமும்தான். எழுத்து ஒப்பந்தம் இல்லாத மாத வாடகையை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் தேவை, அது மாத முடிவில் முடிய வேண்டும். 12ஆம் தேதி கடிதம் கொடுத்து அடுத்த 12ஆம் தேதி வெளியேறச் சொல்வது செல்லாத அறிவித்தல் என்று வாதிடலாம். குத்தகை முடிந்தும் வெளியேறாதவர்களுக்கு எதிராக 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விரைவான சுருக்க வழியொன்றையும் தந்திருக்கிறது. அதில் நீதிமன்றம் முதலில் நிபந்தனைத் தீர்ப்பாணை ஒன்றைத் தரும், குறித்த நாளில் நீங்கள் வந்து காரணம் காட்டாவிட்டால் அதுவே உறுதியாகிவிடும். அப்படி ஒரு தாள் வந்தால் அன்றே சட்டத்தரணியிடம் போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மறுமொழியில் "நான் வாடகைக்காரனே இல்லை, இந்த வீடு அவருடையதும் இல்லை" என்று எழுத வைக்க வேண்டாம், உண்மையிலேயே அப்படி இல்லாவிட்டால். வாடகை உறவை மறுத்தவர் பிறகு "எனக்கு முன்னறிவித்தல் தரவில்லை" என்று கேட்க முடியாது என்பது எங்கள் நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன விடயம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவும் வீட்டுக்குள் விட்டவரின் உரித்தை வாடகைக்காரர் மறுப்பதைத் தடுக்கிறது. கோபத்தில் எழுதிய ஒரு வரி மேன்முறையீடுவரை பின்தொடரும்.

நேரடி மேன்முறையீடு: 14 நாளும் 60 நாளும்

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு இரண்டு தாள்களால் ஆனது. முதலாவது மேன்முறையீட்டு அறிவித்தல், இரண்டாவது மேன்முறையீட்டு மனு. இரண்டையும் தீர்ப்புச் சொன்ன அதே மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம்தான் கொடுக்க வேண்டும். வழக்கேடு அங்கிருந்து மேலே போகும்.

அறிவித்தலுக்கு 14 நாள். தீர்ப்பு வந்த நாளும், அறிவித்தல் கொடுக்கும் நாளும், ஞாயிற்றுக்கிழமைகளும், பொது விடுமுறைகளும் அந்த 14இல் சேராது. சனிக்கிழமை சேரும், இதில் பலர் பிழை விடுகிறார்கள். ஒரு திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது, இடையில் விடுமுறை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் முதல் எண்ண வேண்டும். முதல் வாரத்தின் சனி ஐந்தாம் நாள். அடுத்த சனி பதினோராம் நாள். அதற்கடுத்த புதன் பதினான்காம் நாள். அந்தக் கடைசி நாள்வரை இழுக்கும் துணிவு வேண்டாம். முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

மனுவுக்கு 60 நாள். அதையும் தீர்ப்பு நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல. இங்கே ஞாயிறும் விடுமுறையும் கழியாது. அதே திங்கட்கிழமைத் தீர்ப்புக்கு 60ஆம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் விழும். "அறிவித்தல் கொடுத்தாச்சு, இனி அவசரமில்லை" என்று இருந்து மனுவைத் தவறவிட்டால் முதல் தாளும் வீணாகும்.

அறிவித்தலோடு சேர வேண்டியவை இரண்டு. எதிர்த்தரப்பின் மேன்முறையீட்டுச் செலவுக்கான பிணை, அல்லது பிணை தேவையில்லை என்று அவர் எழுதித் தந்தது. அடுத்து, அறிவித்தலின் பிரதி எதிர்த்தரப்புக்கோ அவரது பதிவுபெற்ற சட்டத்தரணிக்கோ போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி. அவர் கையெழுத்திட்டுத் தந்ததாகவோ பதிவுத் தபால் பற்றுச்சீட்டாகவோ அது இருக்கலாம்.

கையெழுத்து விடயத்தில் ஒரு பொறி இருக்கிறது. விசாரணை முழுவதும் ஒரு சட்டத்தரணி உங்களுக்காகப் பிரொக்சி (உங்கள் சார்பில் வழக்கை நடத்தும் அதிகாரப் பத்திரம்) போட்டிருந்தார், தோற்ற கோபத்தில் நீங்கள் இன்னொருவரிடம் போகிறீர்கள் என்று வையுங்கள். பழைய பிரொக்சியை முறைப்படி நீக்கிப் புதியதைப் பதிவு செய்யும்வரை, புதியவர் கையெழுத்திட்ட அறிவித்தல் செல்லாது என்று ஆட்சேபிக்கப்படலாம், ஏற்கவும்படலாம். நேரம் குறைவாக இருந்தால் பழையவரைக் கொண்டே அறிவித்தலில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு ஆளை மாற்றுங்கள்.

சின்னக் குறைகள் நேர்ந்துவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தரப்புக்குப் பெரிய பாதகம் நேரவில்லை என்றால் குறையை மன்னித்து நிவாரணம் தர 759ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. காலமே கடந்துவிட்டால், உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால்தான் தவறியது என்று காட்டி 765ஆம் பிரிவின் கீழ் அனுமதி கேட்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தவர் சான்றிதழோடு போகலாம். "மறந்துவிட்டேன்" என்பது அந்தக் காரணங்களில் சேராது.

மேன்முறையீட்டை யார் கேட்பார்கள்?

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட நீதிமன்ற மேன்முறையீடுகள் மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. எங்களுக்கு அது கிழக்கு மாகாணத்தினுடையது. இரண்டு நீதிபதிகளுக்குக் குறையாமல் இருந்து கேட்பார்கள். புதிய சாட்சி அங்கே எடுபடுவது மிக அரிது. இருக்கும் வழக்கேட்டைத்தான் வாசிப்பார்கள். பிரதிக் கட்டணத்தைச் சொன்ன நேரத்தில் கட்டத் தவறினால் மேன்முறையீடு தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு, ஆகவே மனு கொடுத்த பிறகும் பதிவாளர் அறையோடு தொடர்பை விடாதீர்கள்.

மனுவில் என்ன எழுதுவது? "தீர்ப்பு அநியாயம்" என்று பத்துத் தரம் எழுதுவதில் பயன் இல்லை. சாட்சியை நேரில் பார்த்த நீதிபதி "இவரை நம்புகிறேன்" என்று சொன்னதை மேல் நீதிமன்றம் இலகுவில் மாற்றாது. நிற்கக்கூடியவை வேறு. வீட்டை விடச் சொல்லித் தந்த முன்னறிவித்தலில் கொடுத்த காலம் சட்டம் சொன்னதைவிடக் குறைவு. வாடகைச் சட்டம் பொருந்தும் வீட்டுக்கு அதைப் பொருத்தாமல் விட்டது. அழைப்பாணை நாளுக்கு முன் முழு நிலுவையும் செலுத்த முன்வந்ததற்குப் பற்றுச்சீட்டு வழக்கேட்டில் இருந்தும் தீர்ப்பு அதைத் தொடவே இல்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக்கு மூன்று ஆண்டுக்கு முந்திய நிலுவையையும் சேர்த்துக் கணக்கிட்டது. இப்படித் தேதியும் ஆவண இலக்கமும் சொல்லி எழுதப்பட்ட நான்கு காரணங்கள் போதும்.

நடுவில் வந்த கட்டளையை எதிர்ப்பவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் எதையும் கொடுப்பதில்லை. அனுமதி கோரும் மனுவைச் சத்தியக்கடதாசியோடு நேரடியாக மேல் நீதிமன்றத்தில் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாள் எண்ணுவது அறிவித்தலுக்குச் சொன்னது போலவே. ஆனால் வந்திருப்பது தீர்ப்பின் தன்மை கொண்ட கட்டளையா, வெறும் இடைக்காலக் கட்டளையா என்று சில நேரம் சட்டத்தரணிகளுக்கே சந்தேகம் வரும். பிழையான வழியில் போனால் மேன்முறையீடு அந்த இடத்திலேயே முடியும். அன்றே தெளிவாகக் கேளுங்கள்: "ஐயா, இதற்கு நேரடியாகப் போவதா, அனுமதி எடுப்பதா?"

மேன்முறையீடு போட்டால் வீட்டில் இருக்கலாமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. மேன்முறையீடு தானாக வெளியேற்றத்தை நிறுத்தாது.

சட்டம் இப்படி இருக்கிறது. மேன்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை வென்றவர் அமுலாக்கல் எழுத்தாணை கேட்க முடியாது. ஆனால் நீங்கள் மேன்முறையீடு செய்துவிட்டால், மேன்முறையீடு முடியும் முன்னரே அதை அமுல்படுத்தித் தரும்படி அவர் 763ஆம் பிரிவின் கீழ் உடனே கேட்கலாம். அந்த விண்ணப்பத்தில் நீங்கள் எதிர்மனுதாரர். அங்கே நீங்கள் இரண்டைக் காட்ட வேண்டும். வெளியேற்றினால் உங்களுக்குக் கணிசமான நட்டம் ஏற்படும் என்பது ஒன்று. இறுதியில் தோற்றால் தீர்ப்பை நிறைவேற்றுவதற்கான பிணை தருவது மற்றது. இரண்டும் இருந்தால் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அமுலாக்கலை நிறுத்தி வைக்கலாம்.

கணிசமான நட்டம் என்றால் என்ன? "வீடு இல்லாமல் போகும்" என்று ஒரு வரியில் எழுதினால் எடுபடாது. பிள்ளைகள் எந்தப் பாடசாலை, இந்த ஆண்டு எந்தப் பரீட்சை, வீட்டின் முன்னறையில் நடத்தும் தையல் தொழிலில் வரும் வருமானம் எவ்வளவு, படுக்கையில் இருக்கும் தாயை மாடிப்படி உள்ள வேறு வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா, மேன்முறையீட்டில் வென்றாலும் சொந்தக்காரர் அதற்குள் வீட்டை இடித்துவிடும் ஆபத்து உண்டா. இவற்றை ஆவணங்களோடு சத்தியக்கடதாசியில் வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பாடசாலைக் கடிதம், வைத்தியச் சான்று எல்லாம் இங்கே உதவும்.

மாதாமாதம் காசு கொடுப்பதை நிறுத்தாதீர்கள். தீர்ப்பில் பெரும்பாலும் நிலுவையோடு, வீடு ஒப்படைக்கும் நாள்வரை மாத நட்டஈடும் சொல்லியிருப்பார்கள். மேன்முறையீடு எத்தனை ஆண்டு இழுக்கிறதோ அத்தனை மாதமும் அது ஏறிக்கொண்டே போகும். தோற்றால் எல்லாம் ஒன்றாக உங்கள் தலையில் விழும். ஒழுங்காகச் செலுத்தி வருபவர் நிறுத்தக் கட்டளை கேட்கும்போது நீதிபதியும் வேறு கண்ணால் பார்ப்பார். சொந்தக்காரர் வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் வைப்பிலிட அனுமதி கேளுங்கள். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டை விடச் சொல்லி அறிவித்தல் கொடுத்த பிறகு காசு வாங்கினால் பற்றுச்சீட்டில் "வாடகை" என்று எழுதாமல் "நட்டஈடாக, எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் புதிய வாடகை உறவு தொடங்கியது என்று வாதம் வரும்.

காலத்தை இழுக்க மட்டும் மேன்முறையீடு போடலாமா என்று வெளிப்படையாகக் கேட்பவர்கள் உண்டு. நல்ல காரணம் கையில் இல்லாமல் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆறு மாத அவகாசம் வேண்டுமானால் எதிர்த்தரப்போடு பேசி எழுத்தில் வாங்குவது மலிவு, மனநிம்மதியும் கூட.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்தவர்களுக்கு

அழைப்பாணை வேறு வீட்டில் கொடுக்கப்பட்டது, கத்தாரில் வேலையில் இருந்தேன், தவணை நாளில் விபத்து, இப்படிப் பல காரணங்களால் ஒருதலைப்பட்சத் தீர்ப்புகள் வருகின்றன. தீர்ப்பாணை (தீர்ப்பின்படி நீதிமன்றம் தரும் முறையான கட்டளைத் தாள்) உங்களிடம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள், எதிர்த்தரப்புக்கு அறிவித்தலோடு, அதே நீதிமன்றத்தில் அதை நீக்கும்படி கேட்க வேண்டும். வராமல் விட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. கடவுச்சீட்டு முத்திரை, ஆஸ்பத்திரி அட்டை, அந்தக் காலத்தில் வேறு முகவரியில் இருந்ததற்கான மின்கட்டணப் பட்டியல் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் மறுத்தால் அந்த மறுப்புக் கட்டளைக்கு எதிராக மேலே போகலாம். தீர்ப்புக்கு எதிராக நேரே மேலே போக முடியாது. பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளைக் கொண்டுவந்து நிறைவேற்றும் உத்தியோகத்தர்) தாள் கொண்டுவந்தால் வாங்காமல் கதவை மூடும் பழக்கத்தையும் விடுங்கள். வாங்க மறுத்தாலும் கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படலாம்.

நீதிமன்றம் போகாமலே பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்றால்

நிலுவை எவ்வளவு இருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சாமானை வெளியே வைத்துப் பூட்டைப் போட எவருக்கும் உரிமை இல்லை. முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய உடைமைத் தகராறு என்றால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸோ நீங்களோ விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். வெளியேற்றப்பட்ட இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பம் பதிவாகியிருக்க வேண்டும். அப்படியானால் உங்களை மீண்டும் உள்ளே விடும்படி கட்டளை வரலாம்.

இந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. எதிர்ப்பதானால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுதான் (கட்டளையில் பிழை உண்டா என்று பார்த்துத் திருத்தும்படி கேட்பது). அதிலும் திருப்தி இல்லாவிட்டால் அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றம். மீளாய்வுக்குச் சட்டத்தில் நாள் குறிப்பிடவில்லை என்று ஆறுதலடைய வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் தள்ளிவிடுவார்கள்.

அரச காணியும் அரச விடுதியும்

திருகோணமலையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அரச காணியில் பல ஆண்டுகளாக வீடு கட்டி இருப்பவர்களுக்கு வருவது வாடகை வழக்கு அல்ல. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் 30 நாளுக்குக் குறையாத வெளியேறல் அறிவித்தல் வரும், பிறகு நீதவான் நீதிமன்றம். அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ உண்டா? முப்பது ஆண்டு இருந்தேன், கிணறு வெட்டினேன், வரி கட்டினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை, மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மட்டுமே.

வெளியேறல் அறிவித்தலே பிழை, அதை இரத்துச் செய்யுங்கள் என்று எழுத்தாணை (ரிட்) கேட்பதானால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரச காணி அறிவித்தல்களுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை தர முடியாது என்று உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. நீதவான் கட்டளை போட்ட பிறகு ஓடுவதைவிட அறிவித்தல் வந்த வாரமே சட்டத்தரணியைப் பாருங்கள். அரச விடுதிகளில் இருப்போருக்கு 1969ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வேறாக உண்டு. அதிலும் நீதவான் வழிதான்.

உயர் நீதிமன்றம்வரை

குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்திலும் தோற்றால் அடுத்தது நேரே உயர் நீதிமன்றம். அனுமதி கேட்க வேண்டும், 42 நாளுக்குள். கணிசமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் பார்க்கத் தகுந்த விடயமாக இருக்க வேண்டும். வாடகை கொடுத்தாரா இல்லையா என்ற சண்டையை மட்டும் வைத்து அங்கே போனால் வாசலிலேயே முடிந்துவிடும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நீதிமன்றங்களின் பதிவுகள் தமிழில். மேல்நிலை நீதிமன்றம் வேறு மொழியில் நடந்தால் அந்த மொழியிலும் பதிவுகளைத் தயாரிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பு அரச செலவில் கிடைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனாலும் முக்கியமான நான்கைந்து ஆவணங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே கொடுத்து ஆங்கிலத்தில் வைத்திருப்பது நல்லது. மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தே 42 நாளில் பாதி போய்விடும்.

கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம். வருமானத்தைப் பார்ப்பார்கள், வழக்கின் தகுதியையும் பார்ப்பார்கள். போகும்போது தீர்ப்பின் பிரதி, அழைப்பாணை, எல்லா அறிவித்தல்கள், பற்றுச்சீட்டுகள், தபால் ரசீதுகள், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரு கோவையில் கொண்டுபோங்கள். தீர்ப்புப் பிரதி இன்னும் வராவிட்டால் வழக்கு இலக்கமும் தீர்ப்பு நாளும் எழுதிய துண்டோடு போங்கள். காத்திருக்க வேண்டாம்.

கடைசியில் வீட்டைக் கொடுக்க நேர்ந்தால்

எல்லா வழியும் முடிந்து வெளியேறுவது என்றானால் பிஸ்கால் வரும்வரை இருக்காதீர்கள். நாளைக் குறித்து எழுத்தில் அறிவித்து, ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, மின்மானி, நீர்மானி இலக்கங்களைக் குறித்து, இரண்டு சாட்சிகள் முன் சாவியைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொடுத்த முற்பணத்தில் நிலுவையைக் கழித்த கணக்கை அதிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாத நட்டஈடு ஏறுவது நிற்பது சாவி கைமாறிய நாளோடுதான், அந்த நாளுக்குச் சான்று அந்தப் பற்றுச்சீட்டு.